648 கேட்டா 628 வருது: கிட்டார் சாமானும் கஸ்டமர் கேரும்

கொஞ்சம் நீளமான த்ரெட். மருத்துவம் கம்மி, மரம் ஜாஸ்தி. சுகர், பிரஷர் எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும், அது அடுத்த வாரம். ஆனா நீங்க ஆன்லைன்ல மிக்சி பிளேடோ, பைக் பார்ட்ஸோ, தையல் மெஷின் ஊசியோ வாங்கி, மாத்தி வந்து, "செக் பண்ணி சொல்றோம் சார்"ங்கிற பதிலை பத்து நாளா பாத்துட்டு இருக்கிற ஆளா இருந்தா, இது உங்களுக்கும் சேத்துதான்.

தென்காசிப் பக்கம் மரத்துக்குப் பஞ்சமில்ல. செங்கோட்டை ரோட்டுல போனா மரக்கடையும் அறுவை மில்லும் வரிசையா இருக்கும். தேக்கு வாங்க வெளியூர்ல இருந்து இங்க வர்றாங்க. ஆனா ஒரு கிட்டார் செய்ய மரம் மட்டும் பத்தாது. ஃப்ரெட் கம்பி, கம்பியை முறுக்குற டியூனிங் கீ, கழுத்துக்குள்ள ஓடுற டிரஸ் ராடு, நட்டு, சேடில், பிரிட்ஜ் பின்... இதுல ஒண்ணுகூட நம்ம ஊர்ல கிடையாது. இந்தியாவுல கிட்டார் தயாரிப்புக்குப் பேர் போன ஊர் கொல்கத்தா. சென்னை, பெங்களூர்ல செஞ்சு முடிச்ச கிட்டார் விக்கிற கடை நிறைய. உதிரி பாகம் வேணும்னா இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், ரெண்டு மூணு வெப்சைட், அவ்வளவுதான்.

எனக்கு இது பொழுதுபோக்கு. நைட் டூட்டி முடிஞ்ச மறுநாள் மத்தியானம் மரம் இழைக்கிறதுல ஒரு சுகம் இருக்கு, அனுபவிச்சாத்தான் தெரியும். ஆனா எனக்குக் கத்துக்கொடுக்கிற அண்ணாச்சிக்கு இது சோறு. ஆர்மோனியப் பெட்டிக்குத் துருத்தி மாத்துவார், சர்ச் கொயர் கிட்டார் எல்லாம் அவர்கிட்டதான் வரும். வருஷத்துல ஒண்ணோ ரெண்டோ புதுசா செஞ்சும் கொடுப்பார். எனக்கு ஒரு பாகம் தப்பா வந்தா ஒரு ஞாயித்துக்கிழமை வீண். அவருக்குத் தப்பா வந்தா அட்வான்ஸ் வாங்கின ஆர்டர் போச்சு.

போன நவம்பர்ல அதுதான் நடந்தது. டிசம்பர் முதல் வாரத்துல கேரல் ரவுண்ட்ஸ் ஆரம்பிக்கும், அதுக்குள்ள ஒரு கிட்டார் வேணும்னு ஆர்டர். உடம்பு ரெடி, கழுத்து ரெடி. ஃபிங்கர்போர்டு மட்டும் ஃப்ரெட் குழி வெட்டினதா வாங்கிடலாம்னு வடக்கே ஒரு கடையில 648 மி.மீ. ஸ்கேல் ஆர்டர் போட்டாச்சு. பார்சல் வந்தது. அண்ணாச்சி ஸ்கேலை வெச்சுப் பாத்தார். நட்டு முனையில இருந்து 12வது ஃப்ரெட்டுக்கு 314 மி.மீ.

இது ஏன் தப்புன்னு ஒரு நிமிஷம் சொல்லிடறேன். கிட்டார் வாங்குறவங்களுக்கும் உதவும். நட்டுல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் அதிர்ற கம்பி நீளம்தான் ஸ்கேல். 12வது ஃப்ரெட் சரியா நடுவுல விழும், ஏன்னா அங்க ஸ்ருதி ஒரு ஸ்தாயி ஏறுது, கம்பி நீளம் பாதியாகணும். அதனால 12வது ஃப்ரெட் வரைக்கும் அளந்து ரெண்டால பெருக்கினா ஸ்கேல் தெரிஞ்சிடும். 648க்கு 324 வரணும். வந்தது 314, அதாவது 628. ரெண்டுமே உலகத்துல புழக்கத்துல இருக்கிற அளவுதான். ஃபெண்டர் கிட்டார்ல நீங்க பாக்கிறது 648, கிப்சன்ல 628 சொச்சம். போர்டுல குத்தம் இல்ல, ஆர்டர் பண்ணின போர்டு இது இல்ல.

கடைக்கு போட்டோ அனுப்பினோம். வந்த பதில்: "ரெண்டும் ஒண்ணுதான் சார், 20 எம்.எம். தான் டிஃபரன்ஸ், பிரிட்ஜை அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

இதைத்தான் நான் கெட்ட கஸ்டமர் சர்வீஸ்னு சொல்லுவேன். திட்டினா கெட்ட சர்வீஸ் இல்ல, லேட்டா பதில் சொன்னாக்கூடப் பரவாயில்ல. விக்கிற பொருள் எதுக்குன்னு தெரியாம சமாதானம் சொல்றது இருக்கே, அது ஆபத்து. அந்தப் போர்டை ஒட்டினா கிட்டார் வாசிக்கும், பொய் சொல்லல. ஆனா பிரிட்ஜ் 9 மி.மீ. ஓட்டைப் பக்கமா நகரணும். அக்கூஸ்டிக் கிட்டார்ல முகப்புப் பலகை 3 மி.மீ. கனம்கூட இருக்காது. கம்பிங்க இழுக்கிற விசை மொத்தமா 70 கிலோவுக்கு மேல. அதைத் தாங்கத்தான் உள்ள குறுக்குச் சட்டமும் பிரிட்ஜுக்கு அடியில ஒரு பட்டையும் ஒட்டியிருக்கு. 648க்குக் கணக்குப் போட்டு ஒட்டினது. பிரிட்ஜ் நகர்ந்தா பின் ஓட்டை அந்தப் பட்டை மேல சரியா உக்காராது. ஆறு மாசத்துல முகப்பு வயிறு மாதிரி உப்பும். அப்ப சர்ச்சுல இருந்து வந்து நிக்கிறது அண்ணாச்சி கடை வாசல்ல, அந்த வடக்கத்திக் கடை வாசல்ல இல்ல.

அண்ணாச்சி என்கிட்ட கேட்டது: "ஏன் சார், காலு எலும்புக்குப் பிளேட் வெக்கும்போது அளவு மாறினா அட்ஜஸ்ட் பண்ணிக்கன்னு சொல்லுவாவளா?"

சொல்ல மாட்டாங்க. ஹவுஸ் சர்ஜனா எலும்பு வார்டுல நின்ன காலத்துல பாத்திருக்கேன். 3.5 மி.மீ. ஸ்க்ரூன்னா 2.5 மி.மீ. டிரில், 4.5 ஸ்க்ரூன்னா 3.2 டிரில். மாத்திப் போட முடியாது. இம்ப்ளான்ட் கம்பெனிக்காரர் முழு செட்டோட தியேட்டர் வெளியில காத்திருப்பார், எதைப் பயன்படுத்தினோமோ அதுக்கு மட்டும் பில். அந்தத் தொழில்ல அளவு தப்பினா என்ன ஆகும்னு விக்கிறவருக்குத் தெரியும். கிட்டார் பாகம் விக்கிறவர் நிறைய பேருக்குத் தெரியாது. மொபைல் கவர் விக்கிற அதே கணக்குல இதையும் விக்கிறாங்க.

அடுத்த மெசேஜ் எல்லாருக்கும் பழக்கமானது. "அன்பாக்சிங் வீடியோ இருக்கா சார்? இல்லேன்னா ரிட்டர்ன் எடுக்க முடியாது."

இங்க கொஞ்சம் நிறுத்திப் படிங்க. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில. அதோட சேந்து வந்ததுதான் மின் வணிக விதிகள் 2020. அதுல அன்பாக்சிங் வீடியோங்கிற பேச்சே கிடையாது. பொருள் பழுதா இருந்தாலோ, விளம்பரத்துல சொன்ன தன்மை இல்லேன்னாலோ, சொன்ன தேதிக்கு மேல தாமதமா வந்தாலோ விக்கிறவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாதுன்னு இருக்கு. புகார் அலுவலர்னு ஒருத்தரை வெச்சு, அவர் பேரும் தொடர்பும் வெளியில தெரியுற மாதிரி போடணும். புகார் கொடுத்தா 48 மணி நேரத்துல கிடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். வீடியோ இருந்தா நல்ல ஆதாரம், எடுத்து வெச்சுக்கோங்க. ஆனா வீடியோ இல்லாததால உரிமை போயிடாது. 12வது ஃப்ரெட்டுல ஸ்கேல் வெச்ச போட்டோவும் ஆதாரம்தான்.

இன்ஸ்டாவுல விக்கிறவங்களுக்கும் இது பொருந்துமான்னு கேப்பீங்க. தொடர்ந்து தொழிலா விக்கிறவங்களுக்குப் பொருந்தும். பக்கத்து வீட்டுப் பையன் தன்னோட பழைய கிட்டாரை ஒரு தடவை விக்கிறதுக்குப் பொருந்தாது.

இன்னொரு சந்தேகமும் வரும். அண்ணாச்சி கடை வெச்சிருக்காரே, அவர் "நுகர்வோர்" ஆவாரா? வியாபாரத்துக்காக வாங்கினா நுகர்வோர் இல்லைன்னு சட்டம் சொல்லுது. ஆனா அதே இடத்துல ஒரு விளக்கமும் இருக்கு: சுயதொழில் செஞ்சு அதுலதான் பிழைக்கிறார்னா, அதுக்காக வாங்கினதை வியாபார நோக்கம்னு எடுத்துக்கக் கூடாது. தையல்காரர், மெக்கானிக், ஆசாரி எல்லாரும் இதுக்குள்ள வருவாங்க. இது தெரியாமத்தான் பாதிப் பேர் "நமக்கு எங்க கேஸ்"னு விட்டுடறாங்க.

இப்ப எனக்கு உறுத்தின விஷயத்துக்கு வரேன். அண்ணாச்சி நாலு தடவை போன் பண்ணினார். ரெண்டு தடவை எடுக்கல, ஒரு தடவை "இந்தி, இந்தி"ன்னு சொல்லி வெச்சுட்டாங்க, ஒரு தடவை "மெசேஜ் போடுங்க". அஞ்சாவது தடவை அவருக்காக நான் ஒரு மெயில் எழுதினேன். ஆர்டர் நம்பர், அளவு, போட்டோ, என்ன வேணும்ங்கிறது. கீழ என் பேருக்கு முன்னாடி வழக்கம் போல டாக்டர்னு இருந்தது. 20 நிமிஷத்துல பதில். "டியர் டாக்டர், வி ஆர் எக்ஸ்ட்ரீம்லி சாரி."

அதே போர்டு, அதே தப்பு, அதே போட்டோ.

சரி. ஆனா "சாரி"க்கு அப்புறம் ஒண்ணும் நகரல. நாலாவது நாள் 1915க்குக் கூப்பிட்டோம். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். பேசினது அண்ணாச்சிதான், நான் பக்கத்துல சும்மா உக்காந்திருந்தேன். விவரம் கேட்டு எழுதிக்கிட்டு ஒரு புகார் எண் கொடுத்தாங்க. அது கோர்ட் இல்ல, தீர்ப்பு சொல்லாது, கடைக்குப் புகாரை அனுப்பி வெக்கும். அது போதுமானதா இருந்தது. மொத்தம் 11 நாள் கழிச்சு கூரியர்காரர் வந்து போர்டை எடுத்துக்கிட்டுப் போனார். பணம் வந்தது, ஷிப்பிங் சார்ஜ் கழிச்சுக்கிட்டு.

அந்த ஷிப்பிங் காசுக்காக மேல போகலாமா? போகலாம். 5 லட்சம் வரைக்கும் கொடுத்து வாங்கின பொருளுக்கு மாவட்ட ஆணையத்துல கட்டணம் கிடையாது. முக்கியமா, கடை டெல்லியில இருந்தாலும் நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், 2019 சட்டம் கொடுத்த வசதி அது. இ-ஜாக்ரிதி போர்டல்ல ஆன்லைனாவும் போடலாம். பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். அண்ணாச்சி போடல. "டிசம்பர்ல எனக்கு ஏது சார் நேரம்"னுட்டார்.

கிட்டார் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. பணம் வர்ற வரைக்கும் அவர் காத்திருக்கல. ஒரு பழைய ஈட்டிக் கட்டில் சட்டம் கிடந்தது, அதை இழைச்சு போர்டு ஆக்கினார். ஃப்ரெட் குழியை அவரே வெட்டினார். கணக்கு ரொம்ப சுலபம்: மிச்சம் இருக்கிற நீளத்தை 17.817ஆல வகுத்துக்கிட்டே போகணும். 648ஐ வகுத்தா 36.37, அது முதல் ஃப்ரெட். மிச்சம் 611.63, அதை வகுத்தா 34.33, ரெண்டாவது. இப்படியே போனா 12வதுல 324 வந்து நிக்கும், நிக்கலேன்னா எங்கயோ தப்பு. அமெரிக்காவுல ஒஹாயோவுல ஸ்டூமேக்னு ஒரு கம்பெனி, 1968ல ஆரம்பிச்சது, கிட்டார் செய்யறவங்களுக்கே பாகமும் ஆயுதமும் விக்கிறது. அவங்க வெப்சைட்ல இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுக்கிற கால்குலேட்டர் இலவசமா இருக்கு. நீங்க ஒரு ரூபாய்க்கு வாங்கலேன்னாலும் பயன்படுத்தலாம். இதுவும் கஸ்டமர் சர்வீஸ்தான், என் கணக்குல நல்ல ரகம்.

அங்க இருந்தே வாங்கலாமேன்னா, சுங்க வரி, ஐ.ஜி.எஸ்.டி., கூரியர்காரரோட கிளியரன்ஸ் கட்டணம் எல்லாம் சேந்து பாகத்தோட விலையைத் தாண்டிடும். தப்பா வந்து திருப்பி அனுப்பினா கட்டின வரி தானா திரும்பி வராது.

ஈட்டின்னு சொன்னதும் ஞாபகம் வருது. இந்த மரத்துக்கு ரோஸ்வுட்னு பேர், தோதகத்தின்னும் சொல்லுவோம், நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை மரம். உலகம் முழுக்க கிட்டார் போர்டுக்கும் முதுகுப் பலகைக்கும் இதைக் கேக்குறாங்க. பட்டா நிலத்துல நின்னாலும் இஷ்டத்துக்கு வெட்டக் கூடாதுன்னு தமிழ்நாட்டுல இதுக்குன்னே 1994ல சட்டம் போட்டாங்க. 2017 ஜனவரி 2ல இருந்து டால்பெர்ஜியா இனம் மொத்தமும் சைட்டீஸ் கட்டுப்பாட்டுக்குள்ள வந்தது. ஒரு கிட்டாரை வித்து எல்லை தாண்டி அனுப்பணும்னாலே பேப்பர் வேணும்னு ஆகி, கிட்டத்தட்ட மூணு வருஷம் தொழிலே ஆடிப்போச்சு. 2019 நவம்பர்லதான் செஞ்சு முடிச்ச கருவிக்கும் முடிச்ச பாகத்துக்கும் விலக்கு கொடுத்தாங்க.

பேப்பர்ல ஒரு எண் மாறினா எவ்வளவு பெரிய கம்பெனியும் மாட்டும்கிறதுக்கு கிப்சன் உதாரணம். 2011 ஆகஸ்ட்ல நாஷ்வில், மெம்ஃபிஸ்ல அவங்க ஆலைகள்ல அமெரிக்க அதிகாரிகள் சோதனை போட்டாங்க. பிரச்சினை இந்தியாவுல இருந்து போன ஃபிங்கர்போர்டு மரம். அது அறுத்த பலகையா, முடிச்ச பொருளாங்கிற வகைப்பாட்டுக் குழப்பம். மடகாஸ்கர் கருங்காலி விஷயம் 2009ல இருந்தே தனியா ஓடிட்டு இருந்தது. 2012ல 3 லட்சம் டாலர் அபராதம் கட்டி சமரசம் ஆச்சு, இந்திய மரம் திரும்பக் கிடைச்சது. அதனால ஈட்டி விக்கிறவர்கிட்ட பில் கேட்டா அவர் முகம் சுளிச்சார்னா, வேற கடை பாருங்க.

நல்ல சப்ளையரே இல்லையான்னா, இருக்காங்க. பெங்களூர்ல ஒருத்தர், ஒரே ஆள் கடை. ஜூலை மாசம் போர்டும் பிரிட்ஜும் கேட்டு ஆர்டர் போட்டப்ப பணம் வாங்குறதுக்கு முன்னாடி போன் பண்ணினார். "குற்றாலம் பக்கம்தானே நீங்க? இப்ப சீசன்ல? வந்த உடனே பிரிச்சு ஒட்டிடாதீங்க சார்."

அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. சூளையில காய வெச்ச மரத்துல ஈரம் 8 சதவீதம் மாதிரி இருக்கும், அது காத்து ஈரப்பதம் 45 சதவீதம் இருக்கிற இடத்துக்குப் பொருத்தம். ஆரியங்காவு கணவாய் வழியா சாரல் அடிக்கிற நாள்ல இங்க காத்துல 80க்கு மேல நிக்கும், மரம் மெல்ல மெல்ல 16 வரைக்கும் குடிச்சு அகலத்துல ஊதும். அப்படியே ஒட்டிட்டு, பங்குனி வெயில்ல அது சுருங்குச்சுன்னா ஃப்ரெட் கம்பி முனை வெளிய நீட்டிக்கிட்டு விரலைக் கீறும், பலகை வெடிக்கவும் செய்யும். அடைச்ச பெட்டியில சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரமானியும் போட்டு ரெண்டு வாரம் வெச்சுத்தான் ஒட்டினோம். அவருக்கு அதைச் சொல்லணும்னு கட்டாயம் இல்ல, சொல்லாட்டியும் அன்னைக்கு எங்களுக்கு வித்திருப்பார்.

எதிர்ப்பக்கம் இன்னொண்ணு. அண்ணாச்சியோட கஸ்டமர் ஒருத்தருக்கு இடது கை விரல் நுனியில தோல் வெடிச்சு அரிப்பு. வாட்ச் பக்கிள் பட்ட இடத்துலயும் அப்படித்தான். நிக்கல் அலர்ஜியா இருக்கும்னு தோணுச்சு, தோல் டாக்டர்கிட்ட அனுப்பினேன். சாதாரண ஃப்ரெட் கம்பிக்கு "நிக்கல் சில்வர்"னு பேரு, அதுல வெள்ளி துளிகூடக் கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல். நிக்கல் இல்லாத தங்க நிறக் கம்பி ஒண்ணு இருக்கு. ஒரு கடையில கேட்டோம், உங்க கம்பி என்ன உலோகம்? பதில்: "ப்யூர் சில்வர் சார், ஏ ஒன் குவாலிட்டி." சிரிச்சிட்டுக் கடந்து போகலாம், அலர்ஜி இருக்கிற ஆளுக்கு மட்டும் அது சிரிப்பு இல்ல.

இதையெல்லாம் ஒரு ஜி.எச். டாக்டர் ஏன் இவ்வளவு நோண்டுறான்னு கேக்கலாம். நியாயம். எங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற மாத்திரை தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் வழியா வருது, ஒவ்வொரு பேட்சும் லேப்ல தேறினாத்தான் வார்டுக்கு வரும். விக்கிற கம்பெனியை நான் துரத்த வேண்டியதில்ல, எனக்காக ஒரு அமைப்பு துரத்துது. அண்ணாச்சிக்கு அப்படி யாரும் கிடையாது.

என் பேஷன்டுக்கு? 1995 நவம்பர் 13ல வி.பி. சாந்தா வழக்குல உச்ச நீதிமன்றம் டாக்டர்களை நுகர்வோர் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தது. ஆனா எல்லாருக்கும் இலவசமா பாக்கிற அரசு ஆஸ்பத்திரி சேவை அதுல வராதுன்னும் அதே தீர்ப்பு சொல்லுது. ரெண்டாயிரம் ரூபாய் போர்டுக்கு அண்ணாச்சி நுகர்வோர். அதே அண்ணாச்சி நெஞ்சுவலின்னு என் ஓ.பி.க்கு வந்தா நுகர்வோர் இல்ல. 104க்குப் பேசலாம், 1100க்குப் புகார் சொல்லலாம், மெடிக்கல் கவுன்சிலுக்கு எழுதலாம். நுகர்வோர் ஆணையத்துக்கு மட்டும் போக முடியாது. இலவசம்னா கேள்வி கேக்கக் கூடாதுன்னு அந்தத் தீர்ப்பு சொல்லல, ஆனா வரிசையில நிக்கிறவங்க அப்படித்தான் நினைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. "தெரிஞ்ச ஆள்" ஒருத்தரோட வந்தா நிமிர்ந்து நிக்கிறாங்க. அந்த 20 நிமிஷ மெயில் எனக்கு இன்னும் செரிக்கலங்கிறது அதனாலதான்.

புகார் எழுதுறவங்களுக்கு: ஆர்டர் நம்பர், தேதி, கேட்டது என்ன, வந்தது என்ன, அளவோட போட்டோ, உங்களுக்கு வேண்டியது மாத்திக் கொடுக்கிறதா பணமா. ஆறே வரி. கோவத்தை மெயில்ல எழுதாதீங்க, கமென்ட்ல எழுதுங்க, நான் படிக்கிறேன். கமென்ட்ல எந்தக் கடைன்னு மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். பேட்டர்ன்தான் முக்கியம்.

அண்ணாச்சி இப்பல்லாம் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு மெசேஜ் அனுப்புறார்: "நட்டுல இருந்து 12வது ஃப்ரெட் வரைக்கும் ஸ்கேல் வெச்சு ஒரு போட்டோ போடுங்க." பாதிப் பேர் பதிலே போடுறதில்ல. போடுறவங்ககிட்ட வாங்குறோம்.